சமையலறை, குளியலறை அலமாரிகளை ஒழுங்குபடுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பொருளை எடுக்கும்போது அலமாரி கலைவதில்லை. திருப்பி வைக்கும்போதுதான் கலைகிறது. அடுக்கின் அடியில் கிடக்கும் வாணலி வேண்டுமென்றால் எப்படியாவது உருவி எடுத்துவிடுவோம். சமையல் முடிந்து, கழுவித் துடைத்த பிறகு, மேலே உள்ள நான்கையும் தூக்கி இறக்கி அதை மீண்டும் அடியில் வைக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அது அடுக்கின் உச்சியில் சாய்ந்து உட்காரும், அல்லது மேடையிலேயே தங்கிவிடும். இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி. இதற்கு வீட்டில் இருப்பவர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமில்லை. அந்தப் பொருளுக்குக் கொடுத்த இடம் தவறு.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில் போகிறது: ஒரு பொருளைத் திருப்பி வைக்க எத்தனை அசைவு தேவை? கதவைத் திறப்பது ஒன்று, வைப்பது ஒன்று. தினமும் எடுக்கும் பொருளுக்கு இதற்கு மேல் போகக் கூடாது. வாரம் ஒருமுறை எடுப்பதற்கு மூன்று இருக்கலாம். மாதக்கணக்கில் தொடாத பொருளுக்கு ஸ்டூல் போட்டு ஏறினாலும் பரவாயில்லை.

தொடங்கும் முன்

டப்பா, கூடை, தட்டி எதையும் இப்போது வாங்காதீர்கள். வாங்கிய கூடைக்காக இடத்தைத் தேடுவதுதான் இந்த வேலையில் பணமும் நாளும் வீணாகும் முதல் இடம். இப்போதைக்குத் தேவை அளவு டேப், காகித ஒட்டு டேப், மார்க்கர் பேனா, டார்ச், ஸ்க்ரூ டிரைவர், இரண்டு மூன்று பழைய துணி, நான்கு அட்டைப்பெட்டி.

60 செ.மீ. அகலமுள்ள ஓர் அலமாரிக்கு, காலி செய்வது முதல் திருப்பி அடுக்குவது வரை, காயும் நேரம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எல்லா அலமாரியையும் ஒரே நாளில் காலி செய்துவிட்டுத் தரையில் பரப்பினால் மாலைக்குள் களைத்துப்போய், கையில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் தள்ளிவிடுவீர்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள்.

எதில் தொடங்குவது? அதிகம் கலைந்திருக்கும் அலமாரியில் கை வைக்கத்தான் மனம் போகும். அதை விடுங்கள். நீங்கள் மிகக் குறைவாகத் திறக்கும் அலமாரியில் தொடங்குங்கள். பெரும்பாலும் அது உயரத்தில் இருக்கும். அதில் கழிந்துபோக வேண்டிய பொருள்தான் அதிகம். அது காலியானால்தான் மற்ற அலமாரிகளில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அபூர்வப் பொருட்களை ஏற்றிவைக்க ஓர் இடம் கிடைக்கும்.

எடுத்தவற்றை நான்காகப் பிரியுங்கள்: தினமும் வேண்டியது, வாரத்தில் ஓரிரு முறை, எப்போதாவது, வீட்டை விட்டுப் போக வேண்டியது. டப்பாக்களுக்கு மூடி பொருத்திப் பாருங்கள். மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் அன்றைக்கே வெளியே போகட்டும். அவற்றின் ஜோடி இனி வராது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தடுமாறும் பொருளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி அன்றைய தேதியை எழுதுங்கள். பயன்படுத்தும்போது டேப்பைக் கிழித்துவிடலாம். மூன்று மாதம் கழித்தும் டேப்புடன் இருப்பது உங்களுக்கு வேண்டாத பொருள். விருந்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய பாத்திரங்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அவற்றுக்கு ஓர் ஆண்டு கொடுங்கள்.

காலி அலமாரியைப் பரிசோதிப்பது

இந்தக் கட்டத்தைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். அலமாரி காலியாக இருக்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள்.

முதலில் தூசியைத் துடைத்தெடுங்கள். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அடுப்புக்கு அருகிலுள்ள அலமாரியின் மேற்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், சோப்பு நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவிட்டுப் பிறகு தேயுங்கள். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் தண்ணீரை ஊற்றிக் கழுவவே கூடாது. அது மரத்தூளைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்த இடத்தில் நீர் இறங்கினால் தூள் உப்பிவிடும். உப்பியது மறுபடி அமுங்காது. பட்டை பிரிந்த ஓரங்களைக் கண்டால், காய்ந்த பிறகு மரப்பசை தடவித் திருப்பி ஒட்டுங்கள். பட்டையே இல்லாத வெட்டு ஓரத்தில் நீர் புகாமல் அடைக்கும் சிலிக்கோன் சீலண்டை மெல்லியதாக இழுத்துவிடுங்கள். துடைத்த பிறகு கதவைத் திறந்தபடி குறைந்தது இரண்டு மணி நேரம் காயவிடுங்கள்.

அடுத்து, பலகை தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரான அளவுகோலையோ இறுக்கிப் பிடித்த நூலையோ பலகையின் முன் விளிம்பில் வைத்தால் தெரிந்துவிடும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு 80 செ.மீ. அகலத்தைத் தாண்டினால், பீங்கான் தட்டுகளின் கனத்தில் நாளடைவில் தொய்ந்துவிடும். பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவது சில மாதத்துக்குத்தான் உதவும். நிரந்தரத் தீர்வு, 4 செ.மீ. உயரமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள மரச்சட்டத்தைப் பலகையின் முன் விளிம்புக்கு அடியில், உயரவாக்கில் நிறுத்தித் திருகுவது. ஒரு பலகையின் தடிமன் இரண்டு மடங்கானால் அது வளையும் அளவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைப்பதற்கும் இதுவே காரணம். சட்டம் போட முடியாவிட்டால் கனமான பொருட்களைப் பலகையின் இரு பக்கங்களில் வைத்து, நடுவில் இலேசானவற்றை வையுங்கள்.

சுவரில் தொங்கும் அலமாரிக்கு இன்னொரு சோதனை உண்டு. மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா? சீலண்ட் பூச்சில் புதிதாக விரிசல் தெரிகிறதா? இருந்தால் தாங்கும் திருகுகள் தளர்கின்றன. அதைச் சரிசெய்யும்வரை அந்த அலமாரியில் எதையும் திருப்பி ஏற்றாதீர்கள்.

கதவு கோணலாக நின்றால் கீலைப் பாருங்கள். கதவுக்குள் 35 மி.மீ. வட்டக் குழியில் உட்காரும் நவீனக் கீலில் திருத்துவதற்கென்றே திருகுகள் இருக்கின்றன. கதவுக்கு அருகில் இருப்பது கதவை இடவலமாக நகர்த்தும். அதற்குப் பின்னால் இருப்பது கதவை அலமாரியின் உடலோடு நெருக்கும் அல்லது விலக்கும். அலமாரியின் பக்கச் சுவரில் பொருந்திய தகட்டின் திருகுகளைத் தளர்த்தினால் கதவை ஏற்றி இறக்கலாம். ஒரு நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் கதவை மூடிப் பாருங்கள். திருகு பிடிக்காமல் சும்மா சுற்றினால் துளை தேய்ந்துவிட்டது என்று பொருள். தலை நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, நீட்டியதை வெட்டிவிட்டுப் பழைய திருகையே போடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

பலகைக்கு மேல் விரிப்பு வேண்டுமா? வேண்டும், ஆனால் ஒட்டும் தாள் வேண்டவே வேண்டாம். ஓராண்டில் அதன் பசை இறுகிவிடும். பிறகு ஹேர் டிரையரில் சூடுபடுத்தி உரித்தாலும் பிசின் மிஞ்சும். செய்தித்தாளும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெள்ளிப்பூச்சிக்குத் தீனியாகும். கழுவிக் காயவைத்துத் திருப்பிப் போடக்கூடிய, ஒட்டாத, வரிவரியான பிளாஸ்டிக் விரிப்பே நல்லது. பலகையின் அளவைவிட 3 மி.மீ. குறைவாக வெட்டினால் ஓரம் சுருளாது.

அளவு எடுப்பது

அலமாரியின் அகலம் என்று நாம் நினைப்பதும் கூடை உள்ளே போகும் அகலமும் ஒன்றல்ல. கீல்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். 90 டிகிரிக்கு மேல் திறக்காத கதவாக இருந்தால் கதவின் தடிமனும் வழியை மறிக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே குறுகலான இடத்தை அளந்து எழுதுங்கள். ஆழத்தைப் பின்சுவரிலிருந்து மூடிய கதவின் உட்புறம்வரை கணக்கிட்டு 1 செ.மீ. கழியுங்கள். டப்பாவை அளக்கும்போது அடிப்பாகத்தை விடுத்து விளிம்பை அளக்க வேண்டும். பெரும்பாலான கூடைகள் மேலே விரிந்தவை, அடியில் பொருந்தியது மேலே முட்டும்.

பலகைகளுக்கு இடையிலான உயரம், அங்கே நிற்கப்போகும் மிக உயரமான பொருளோடு கை நுழைய 3 முதல் 5 செ.மீ. கூட்டினால் போதும். பல அலமாரிகளில் பலகையைத் தாங்கும் 5 மி.மீ. முளைகளுக்கான துளைகள் 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இருக்கும். பலகையை ஒரு துளை ஏற்றினால் கீழே 32 மி.மீ. கிடைக்கும், மேலே அதே அளவு குறையும். அலமாரி வந்த நாளிலிருந்து பலகையை நகர்த்தியே பார்க்காத வீடுகள் எத்தனையோ. தம்ளர் நிற்கும் பலகையில் மேலே ஒரு சாண் வெற்றிடம் இருந்தால், ஐந்து நிமிட வேலையில் இன்னொரு பலகைக்கே இடம் கிடைத்துவிடும்.

வட்ட டப்பாவா, சதுர டப்பாவா? ஒரு சதுர இடத்தில் அதே அகலமுள்ள வட்டத்தை வைத்தால் 21 சதவீதத்துக்குச் சற்று மேல் வீணாகும். ஐந்து வட்ட டப்பாக்கள் பிடிக்கும் இடத்தில் ஒரு டப்பாவின் கொள்ளளவு முழுதாகக் காணாமல் போகிறது. உலர்பொருட்களுக்குச் சதுரமோ செவ்வகமோதான் சரி.

இழுப்புத் தட்டு பொருத்த நினைத்தால் ஒரு கணக்கு. பக்கவாட்டில் பொருத்தும் பால் பேரிங் தண்டவாளம் (தட்டு முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பாதை) ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. எடுத்துக்கொள்ளும். உள்ளகலம் 400 மி.மீ. என்றால் தட்டின் வெளியகலம் 374 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ. கூடினால் இறுகி இழுபடாது, 3 மி.மீ. குறைந்தால் ஒரு பக்கம் கழன்றுவிடும்.

எது எங்கே

தரையிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. முதல் 150 செ.மீ. வரை உள்ள உயரம், குனியாமலும் எம்பாமலும் கை போகும் இடம். அலமாரியிலேயே விலைமதிப்பான இடம் அதுதான். தினமும் தொடும் பொருளுக்கு மட்டும் அதைக் கொடுங்கள். தோளுக்கு மேல் கனமான எதையும் வைக்காதீர்கள். இரண்டு கையையும் உயர்த்தி இறக்கும்போது பிடி நழுவினால் முகத்தில்தான் விழும். இலேசான பிளாஸ்டிக் டப்பாக்கள், எப்போதாவது எடுக்கும் அச்சுகள் மேலே போகலாம். கனமான பாத்திரங்களும் மிக்ஸி போன்ற கருவிகளும் இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கட்டும்.

உயரத்துக்கு அடுத்தபடி வேலை நடக்கும் இடம். பொருளை அதன் இனத்தோடு சேர்ப்பதைவிட அதன் வேலையோடு சேர்ப்பது நல்லது. கரண்டிகளெல்லாம் ஒரே இழுப்பறையில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. கிளறும் கரண்டி அடுப்புக்கு அருகில், பரிமாறும் கரண்டி தட்டுகளோடு, தோல் சீவியும் வடிகட்டியும் சிங்க்கை ஒட்டி. தட்டு, கிண்ணம், தம்ளர் ஆகியவற்றைச் சாப்பிடும் இடத்துக்கு அருகில் வைக்கவே பலருக்கும் தோன்றும். அவற்றைக் கழுவிக் காயவைக்கும் இடத்திலிருந்து ஓரடியில் எட்டும் அலமாரியில் வையுங்கள். நாம் தேடுவது திருப்பி வைப்பதற்கான வசதியை. சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கப் பத்தடி நடப்பது யாருக்கும் சிரமமில்லை; கழுவிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடப்பதுதான் தள்ளிப்போகும்.

மேல் அலமாரி

சுவர் அலமாரிகள் பொதுவாக 30 முதல் 35 செ.மீ. ஆழம் கொண்டவை. இரண்டு வரிசைக்கு மேல் வைத்தால் மூன்றாவது வரிசை மறந்துபோகும். முன் வரிசை பின் வரிசையை மறைக்காமல் இருக்க, பின்பக்கம் 6 முதல் 8 செ.மீ. உயரமுள்ள படிக்கட்டுத் தட்டு ஒன்று வைத்தால் போதும். சிறு பாட்டில்களுக்குச் சுழல்தட்டு உதவும். 30 செ.மீ. ஆழத்துக்கு 25 செ.மீ. விட்டமுள்ள சுழல்தட்டுதான் சரி. அதைவிடப் பெரிது சுழலும்போது பாட்டில் கதவில் இடிக்கும்.

ஒரே அளவுள்ள தட்டுகளை எட்டு, பத்து வரை அடுக்கலாம். பெரிய தட்டுகளின் மேல் சிறிய தட்டுகளை அடுக்கக் கூடாது. அதற்கு நடுவில் ஒரு கம்பித் தட்டி வைத்து இரண்டு மாடியாக்குங்கள்.

கதவின் உட்புறத்தில் கொக்கியோ சிறு தட்டியோ பொருத்துவது நல்ல யோசனை, இரண்டு எச்சரிக்கையோடு. 18 மி.மீ. கதவில் 15 மி.மீ. தாண்டிய திருகு போட்டால் முன்பக்கம் முனை எட்டிப்பார்க்கும் அபாயம் உண்டு. மொத்தக் கனம் இரண்டு கிலோவுக்குள் இருந்தால் கீல் தாங்கும். அதற்கு மேல் கதவு இறங்கத் தொடங்கும். அலமாரியின் பின்பலகை பெரும்பாலும் 3 முதல் 6 மி.மீ. தடிமன்தான். அதில் எதையும் திருகித் தொங்கவிடாதீர்கள்.

கீழ் அலமாரி

கீழ் அலமாரி ஏறத்தாழ 60 செ.மீ. ஆழம். இந்த ஆழம்தான் அதன் சிக்கல். முன்பாதி கையிருப்பு, பின்பாதி புதைகுழி. மண்டியிட்டுத் தலையை நுழைத்துத் தேடும் இடத்தில் பொருளை வைத்தால், அதை நீங்கள் இன்னொருமுறை வாங்கிவிடுவீர்கள். இழுப்புத் தட்டு பொருத்துவது சிறந்த தீர்வு. முடியாவிட்டால் 40 முதல் 45 செ.மீ. நீளமும், அலமாரியின் அகலத்தில் பாதியும் உள்ள கைப்பிடி வைத்த செவ்வகப் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வையுங்கள். பெட்டியை இழுத்தால் பின்னால் இருப்பதும் வெளியே வரும். ஒரு பெட்டியில் ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்றினால் இழுக்கவே தோன்றாது.

வாணலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இரண்டோடு நிறுத்துங்கள். ஒட்டாத பூச்சுள்ளவற்றுக்கு நடுவே கட்டாயம் ஒரு துணித்துண்டு வேண்டும். மேலுள்ளதன் அடிப்பாகம் உராய்ந்தால் கீழுள்ளதன் பூச்சு கீறிவிடும். மூடிகளைக் கழற்றித் தனியாக, நின்றவாக்கில் வையுங்கள். தட்டையான தட்டங்களும் வெட்டுப்பலகைகளும் அப்படியே. 8 முதல் 10 செ.மீ. இடைவெளியில் செங்குத்துத் தடுப்புகள் இருந்தால் எதையும் நகர்த்தாமல் ஒன்றை உருவலாம், ஒன்றைச் சொருகலாம். திருப்பி வைப்பதற்கு இதைவிட எளிய அமைப்பு கிடையாது. வார்ப்பிரும்புப் பாத்திரத்தை அடுப்பில் சூடாக்கி ஈரத்தை முழுதும் போக்கி, சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து, மூடாமல் வையுங்கள். மூடினால் உள்ளே தங்கும் ஈரம் துருவாக மாறும்.

மூலை அலமாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய பொருட்களை வைத்துவிட்டு, கதவின் உட்புறம் பட்டியல் ஒட்டிவிடுங்கள்.

உலர்பொருட்கள்

டப்பா வாங்கும் முன் எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள். கிலோவும் லிட்டரும் ஒன்றல்ல. ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ சர்க்கரையும் தலா 1.2 லிட்டர் அளவு இடம் பிடிக்கும், 1.5 லிட்டர் டப்பா எடுங்கள். மாவு காற்றோட்டமாக உட்காருவதால் கிலோவுக்கு 2 லிட்டர் டப்பா வேண்டும். தூள் உப்பு ஒரு கிலோ, ஒரு லிட்டர் டப்பாவில் அடங்கும். பாக்கெட் முழுவதும் கொள்ளாத டப்பாவை வாங்கினால், கால் கிலோ மீந்த பாக்கெட் ரப்பர் பேண்டோடு பின்னால் ஒதுங்கும். பூச்சி அங்கேதான் தொடங்கும்.

பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் தங்கிய பழையது அப்படியே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மீந்ததைக் கிண்ணத்தில் எடுத்து, டப்பாவைக் கழுவி, முழுக்க உலர்த்தி, புதியதை நிரப்பி, மீந்ததை மேலே போடுங்கள். அரிசி வண்டு தன் முட்டையைத் தானியத்துக்குள்ளேயே இடுவதால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் தானியத்திலிருந்தும் வண்டு வெளிவரும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பாக்கெட்டைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும்.

மசாலாப் பொருட்களை அடுப்புக்கு நேர் மேலே வைப்பது கைக்கு வசதி, பொருளுக்குக் கேடு. சூடும் ஆவியும் மணத்தைக் கெடுத்து, தூளைக் கட்டியாக்கிவிடும். அடுப்பிலிருந்து ஒரு கை தள்ளி, கதவுள்ள அலமாரியில் வையுங்கள். எண்ணெய் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் காறல் எடுக்கும். அதுவும் அடுப்பை ஒட்டி நிற்கக் கூடாது.

சிங்க்குக்கு அடியில்

ஒழுங்குபடுத்துவதில் அதிகக் கவனம் கேட்கும் இடம் இது. ஈரம், கசிவு, விஷப்பொருட்கள் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

முதலில் கசிவுச் சோதனை. சிங்க்கை அடைத்து முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் முழு வேகத்தில் இறங்கும்போது, உலர்ந்த டிஷ்யூ தாளால் ஒவ்வோர் இணைப்பையும் சுற்றித் தொட்டுப் பாருங்கள். சொட்டாகத் தெரியாத கசிவும் தாளில் தெரியும். குழாய் மெதுவாகத் திறந்திருக்கும்போது ஒழுகாத இணைப்பு, முழு ஓட்டத்தில் ஒழுகும். பல அலமாரிகளின் அடிப்பலகை இப்படித்தான் யாரும் அறியாமல் ஊறி உப்புகிறது. அடுத்து, குழாய்கள் சுவருக்குள் போகும் துளைகளைப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி இருந்தால் இரும்புக் கம்பிச் சுருளை அடைத்து மேலே சீலண்ட் பூசுங்கள். கரப்பானும் எலியும் வரும் பாதை அது. அட்டைப்பெட்டிகளை இந்த அலமாரியில் வைக்கவே வேண்டாம். அட்டையின் மடிப்புகள் கரப்பானுக்கு ஒளிவிடம்.

அடிப்பலகை மீது 3 செ.மீ. விளிம்புள்ள பிளாஸ்டிக் டிரே போடுங்கள். கசிந்தால் பலகைக்குப் போகும் முன் டிரேயில் தெரியும். நீர் அடைக்கும் வால்வின் முன்னால் எதையும் நிறுத்தாதீர்கள். குழாய் உடையும் நாளில் ஒரு நொடியில் கை அங்கே போக வேண்டும்.

இனி சுத்திகரிப்புப் பொருட்கள். ப்ளீச்சும் ஆசிட் அடிப்படையிலான கழிவறைத் திரவமும் கலந்தால் குளோரின் வாயு வரும். ப்ளீச்சும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்குபவை. ஒரு பாட்டில் ஒழுகி இன்னொன்றோடு கலக்கக் கூடும் என்பதால் ஒரே டிரேயில் இவற்றை வைக்கவே கூடாது. ப்ளீச்சுக்கு ஒரு தனி டிரே, ஆசிடுக்கு வேறொரு அலமாரி. அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவையும் ஆசிடிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள். ஆசிட் பாட்டிலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும், கசியும் ஆவி கீலையும் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது விடாது. சிங்க் அலமாரியின் கீல் மட்டும் சீக்கிரம் துருப்பிடித்தால் இந்தக் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

எந்தத் திரவத்தையும் குடிநீர் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இவை எல்லாமே பூட்டுள்ள உயர அலமாரிக்குப் போக வேண்டும். குழந்தைப் பூட்டு தாமதப்படுத்துமே தவிர தடுக்காது. ஸ்ப்ரே டப்பாக்களை அடுப்புக்கு அருகிலும், சூடேறும் கருவிகளின் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

குளியலறை அலமாரி

இங்கே எதிரி ஈரம். அதனால் எதை வைப்பது என்பதைவிட எதை வைக்கக் கூடாது என்பதே பெரிய கேள்வி.

மாத்திரைகள் இங்கே இருக்கக் கூடாது. குளியலறை அலமாரிக்கு மருந்து அலமாரி என்றே பெயர் வைத்திருந்தாலும் சரி. சூடும் ஈரமும் மாத்திரையைச் சிதைக்கும். ஆஸ்பிரின் மாத்திரை ஈரம் பட்டால் அசிட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் பிரியும். பாட்டிலைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது கெட்டுவிட்டது. மருந்துகளைப் படுக்கையறையில், உலர்ந்த, குழந்தைக்கு எட்டாத, பூட்டும் பெட்டியில் வையுங்கள். கூடுதலாக வாங்கிவைத்த டிஷ்யூ, பஞ்சு, பேட்டரி, நகை ஆகியவற்றுக்கும் வேறு இடம் பாருங்கள்.

ஈரமான பல் துலக்கியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். நின்றவாக்கில், காற்றுப்பட, ஒன்றோடொன்று தொடாமல் வெளியே இருக்கட்டும். சவர ரேஸரும் உதறி உலர்ந்த பிறகே உள்ளே போகலாம். ஹேர் டிரையர் முழுதாக ஆறிய பிறகு, வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வான வளையமாக.

மீதமுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பல அழகுப் பொருட்களின் பின்புறத்தில் திறந்த டப்பா போன்ற சிறு படமும், அதற்குள் 6, 12, 24 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். எப்போது திறந்தோம் என்பது நினைவிருக்காது. ஆகவே இனித் திறக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் மாதத்தையும் ஆண்டையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நிறமோ மணமோ மாறியது, நீரும் கொழுப்புமாகப் பிரிந்தது, தேதி கடந்த சன்ஸ்கிரீன் ஆகியவை வெளியே போகட்டும்.

கண்ணாடிக் கதவு அலமாரியின் ஆழம் 10 முதல் 15 செ.மீ.தான். ஒரே வரிசை மட்டும் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு என்று பிரித்தால் யார் பொருள் எது என்ற குழப்பம் இருக்காது. பேசினுக்கு அடியிலுள்ள அலமாரியில் கழிவுக் குழாய் நடுவில் இறங்குவதால், இருபுறமும் இரண்டு ஒடுக்கமான கூடைகள்தான் பொருந்தும். துளையுள்ள பிளாஸ்டிக் கூடை எடுங்கள். துணி, மூங்கில், பிரம்பு எல்லாம் பூஞ்சை பிடிக்கும். கழிவுக் குழாயின் அடியில் அழுக்கு தேங்கும் குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு கை நுழையும் இடத்தை விட்டுவையுங்கள்.

70 க்கு 140 செ.மீ. குளியல் துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 23 செ.மீ. அகலம் வரும். அதைச் சுருட்டி, சுருளின் முனை வெளியே தெரியும்படி அடுக்குங்கள். 30 செ.மீ. ஆழப் பலகையில் பின்னால் காற்றுக்கு இடம் விட்டுப் பொருந்தும். ஒன்றை இழுத்தால் மற்றது கலையாது. தொட்டால் குளிர்ச்சி தெரியும் துண்டு இன்னும் காயவில்லை. அதை உள்ளே வைத்தால் பக்கத்திலிருப்பதும் மணக்கும்.

குளிக்கும்போது அலமாரிக் கதவு மூடியிருக்கட்டும். குளித்து முடித்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனை 20 நிமிடமாவது ஓடவிட்டு, ஆவி அடங்கியதும் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். பொருட்களுக்கும் பின்சுவருக்கும் நடுவே 2 செ.மீ. விட்டுவையுங்கள், குறிப்பாக அது வெளிச்சுவராக இருந்தால். குளிர்ந்த சுவரில்தான் ஈரம் முதலில் படியும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா வைத்தால் அதில் சேரும் திரவத்தைச் சிந்தாமல் கொட்டுங்கள். அது உலோகத்தை அரிக்கும்.

ஒட்டுக் கொக்கிகள் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசை அல்ல, அதன் அடியிலுள்ள சோப்புப் படலம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும் அரை நிமிடம் அழுத்தி ஒட்டி, ஒரு நாள் கழித்துக் கனம் ஏற்றுங்கள்.

அடுக்கிய பிறகு இரண்டு வாரம்

நிரந்தர லேபிளை இப்போது ஒட்ட வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் காகித டேப்பில் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, வழக்கம்போல் இரண்டு வாரம் சமையுங்கள், குளியுங்கள். யாருக்கும் எதையும் நினைவூட்டாதீர்கள். ஒவ்வொரு நாள் இரவும் மேடையிலும் பேசின் ஓரத்திலும் திரும்பிப் போகாமல் நிற்பவற்றை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். ஒரே பொருள் மூன்று முறை பட்டியலில் வந்தால், அது நிற்கும் இடத்துக்கு மிக அருகிலுள்ள அலமாரியில் அதற்கு இடம் கொடுங்கள். அங்கே இருப்பதில் குறைவாக எடுப்பதை நகர்த்துங்கள். வழக்கமாக மூன்று நான்கு பொருட்கள் இப்படி இடம் மாறும். கூடைகளையும் டப்பாக்களையும் இந்த மாற்றத்துக்குப் பிறகு, எழுதிவைத்த அளவுத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். காகித டேப்பைக் கிழித்துவிட்டு, நீர் புகாத லேபிளை டப்பாவின் மூடியில் ஒட்டாமல் உடலில் ஒட்டுங்கள். கழுவும்போது மூடிகள் மாறிப்போகும்.